ஒருநாள் பயிற்சி போதுமா, ஒரு பருவம் முழுக்கப் போக வேண்டுமா? தேனீ வளர்ப்பு பழகுபவர்களுக்கான இழை

குழித்துறைக்கரை | நவம்பர் 9

எல்லோருக்கும் வணக்கம். ஆடி பிறந்ததிலிருந்து மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சிப் பண்ணைக்குப் போய்வருகிறேன். ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் இருபத்திரண்டு பெட்டிகள். எல்லாம் நியூட்டன் பெட்டி (அடை கட்ட மரச் சட்டங்கள் வைத்த சிறு பெட்டி), நம் ஊர் அடுக்குத்தேனீ. மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை எட்டரையிலிருந்து பதினொன்று வரை. நாங்கள் எட்டுப் பேர். சொல்லித்தருபவரை எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுகிறோம்.

முதல் ஞாயிறு எங்களை எந்தப் பெட்டியையும் தொடவிடவில்லை. ஆளுக்கொரு பெட்டியைக் காட்டி, வாசலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் அரைமணி நேரம் உட்காரச் சொன்னார். அப்புறம் ஒவ்வொருவரிடமும் என்ன பார்த்தாய் என்று கேட்டார். நான் "தேனீ போகிறது, வருகிறது" என்றேன். மறுபடியும் உட்காரவைத்தார். இரண்டாம் முறைதான் கண்ணில் பட்டது: சில தேனீக்களின் பின்னங்காலில் மஞ்சள் உருண்டை, சிலவற்றுக்கு வெள்ளை, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. வாசலில் நாலைந்து தேனீக்கள் தலையைக் குனிந்து நகராமல் சிறகடித்துக்கொண்டிருந்தன, உள்ளே காற்றடிக்க. மகரந்தம் சுறுசுறுப்பாக உள்ளே போகிறது என்றால் உள்ளே புழு வளர்கிறது, ராணி முட்டையிடுகிறது என்று பாதி தெரிந்துவிடும் என்றார். பெட்டியைத் திறக்காமலே இவ்வளவு!

மூன்றாவது முறைதான் அடையோடு மரச் சட்டத்தைத் தூக்கினேன். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாக வெளிச்சம் அடையில் விழும்படி பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால்தான் அடையின் சிற்றறைக்கு அடியில் இருக்கும் முட்டை தெரிகிறது. முதல் நாள் முட்டை குத்திட்டு நிற்கும், மூன்றாம் நாள் படுத்துவிடும். சட்டத்தைத் தட்டு மாதிரிப் படுக்கவைக்கக் கூடாது, புது அடை வெயிலில் இளகி அப்படியே பிய்ந்து விழும். எப்போதும் செங்குத்தாகவே பிடித்துச் சுழற்ற வேண்டும். இந்தச் சுழற்றலை வெறும் சட்டத்தை வைத்துப் பத்து நிமிடம் பழகிய பிறகுதான் தேனீ உள்ள சட்டத்தைக் கையில் கொடுத்தார்.

இதுவரை எட்டு முறை போயிருக்கிறேன். இன்னும் சொந்தமாக ஒரு பெட்டி இல்லை. என் நண்பர் ஒருநாள் வகுப்பு மட்டும் முடித்து ஐந்து பெட்டி வைத்துவிட்டார். "நீ என்ன, காலேஜ் படிப்பு மாதிரிப் போய்க்கொண்டே இருக்கிறாய்" என்கிறார். ஜனவரியில் ரப்பர் துளிர்க்கும், தேன் வரும் பருவம். அதற்குள் நானும் இரண்டு பெட்டி வாங்கிவிடலாமா? இல்லை, ஒரு வருடச் சுற்று முடியட்டும் என்று காத்திருக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

தென்னந்தோப்பு | நவம்பர் 9

பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். நான் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒருநாள் பயிற்சி எடுத்தவன்தான். நன்றாகவே நடத்தினார்கள். காலையில் பாடம், மதியம் பெட்டிகளைத் திறந்து காட்டினார்கள். அதை வைத்துக்கொண்டே இரண்டு பெட்டியில் ஆரம்பித்தேன், இன்றைக்குப் பதினான்கு. எனவே ஒருநாள் பயிற்சியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒன்று. என் தோப்பு தென்னை. தென்னம்பாளை வருடம் முழுக்க விரியும், மகரந்தத்துக்குப் பஞ்சமே இல்லை. நான் செய்த தப்பையெல்லாம் தென்னை பொறுத்துக்கொண்டது. ரப்பர் காட்டில் அப்படி இல்லை, நாலு மாதம் கொட்டும், மழைக்காலத்தில் ஒன்றுமே இருக்காது.

வாங்குவதென்றால் இரண்டாக வாங்குங்கள், ஒன்றாக வேண்டாம். ஒரு பெட்டி மட்டும் இருந்தால் அது நன்றாக இருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அதோடு ஒன்றில் ராணி செத்துவிட்டால் மற்றதிலிருந்து முட்டையுள்ள அடை ஒன்றை எடுத்து வைக்கலாம். அந்த முட்டையிலிருந்தே புது ராணியை வளர்த்துக்கொள்ளும். ஒற்றைப் பெட்டிக்காரருக்கு அந்த வழியும் கிடையாது.

---

மேற்குமலை | நவம்பர் 10

என் கதையைச் சொன்னால் யாருக்காவது பணம் மிச்சமாகும் என்று எழுதுகிறேன்.

நாலு வருடம் முன்பு வீடியோக்கள் பார்த்துவிட்டு ஒரே தடவையில் பத்துப் பெட்டி வாங்கினேன். விற்றவர் வண்டியில் கொண்டுவந்து இறக்கி, கால் மணி நேரம் விளக்கிவிட்டுப் போனார். அப்புறம் போன் எடுக்கவில்லை. ஐந்து மாதத்தில் பத்தும் காலி.

இப்போது யோசித்தால் ஒவ்வொன்றும் எதனால் போனது என்று தெரிகிறது. ஆசையில் தினமும் திறந்தேன். நம் ஊர்த் தேனீக்கு அது ஆகாது. தொந்தரவு அதிகமானால் சண்டைபோடாது, கூட்டோடு கிளம்பிவிடும். மூன்று பெட்டி அப்படிப் போனது. நாலு பெட்டிக்கு எறும்பு. தாங்கு காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தேன், ஆனால் பக்கத்திலிருந்த புல் வளர்ந்து பெட்டியைத் தொட்டிருக்கிறது, எறும்பு புல் வழியாகவே ஏறிவிட்டது. மிச்சமிருந்ததை மெழுகுப்பூச்சி தின்றது. அடிப்பலகையில் கருப்பாகத் தூள் மாதிரி விழுந்து கிடந்ததைப் பார்த்தேன், மரத்தூள் என்று நினைத்து விட்டுவிட்டேன். அடையைத் தூக்கியபோது உள்ளே வெள்ளை நூலாம்படையும் புழுவும்.

இதில் எதுவும் புத்தகத்தில் இல்லாத விஷயம் இல்லை. எல்லாம் படித்திருந்தேன். அடிப்பலகைத் தூளைக் கையில் எடுத்து "இது என்ன என்று பார்" என்று காட்ட ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான். குழித்துறைக்கரை, நீங்கள் எட்டு ஞாயிறு போனதை வீண் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

---

பழையசட்டம் | நவம்பர் 11

தம்பிக்கு ஒரு நேரடி பதில் சொல்வதற்கு முன் சில கேள்விகள்.

பெட்டியைத் திறந்து ராணியைக் கண்ணால் பார்க்காமலே ராணி இருக்கிறது என்று உன்னால் சொல்ல முடியுமா? ஒரு அறைக்கு ஒரு முட்டை, அடி நடுவில் இருந்தால் ராணி இட்டது. ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை சிதறிக் கிடந்தால், ராணி போய் வேலைக்காரத் தேனீக்கள் இட ஆரம்பித்துவிட்டன என்று பொருள். ஆண் தேனீ அறையையும் வேலைக்காரத் தேனீ அறையையும் மூடியைப் பார்த்துப் பிரித்தறிய முடியுமா? நம் தேனீயில் ஆண் அறையின் மூடி கூம்பி, நடுவில் ஊசியால் குத்தினது போல ஒரு சிறு துளை இருக்கும். புது ராணி வளரும் ராணி அறை அடையின் கீழ் விளிம்பில் தொங்கினால் என்ன நினைப்பாய், நடுவில் இருந்தால் என்ன நினைப்பாய்? கீழே தொங்கினால் கூடு பிரியப் போகிறது, பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். நடுவில் என்றால் பெரும்பாலும் ராணி திடீரென்று செத்துப்போய் அவசரத்துக்குக் கட்டியது.

இதற்கெல்லாம் பதில் வருகிறதென்றால் நீ வாங்கலாம். வாங்கும் நேரமும் இதுதான். நம் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் கூடுகள் பெருகும், ஒன்றை இரண்டாகப் பிரிப்பார்கள், இளம் ராணியோடு கிடைக்கும். தையில் வாங்கினால் கூடு பலம்பிடிப்பதற்குள் தேன் வரத்து பாதி முடிந்துவிடும்.

ஆனால் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகாதே. உன் ஆசானிடம் கேட்டு அந்தப் பண்ணையிலேயே ஓரமாக வை. பங்குனி வரை அங்கேயே இருக்கட்டும். உன் பெட்டியில் ஏதாவது என்றால் பத்தடி தூரத்தில் பார்த்துச் சொல்ல ஆள் இருப்பார். பிறகு எடுத்துப்போகும்போது ஒன்றைக் கவனி. இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இடம் மாற்றினால் வெளியே போகும் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பும். உன் வீடு அதைவிடத் தள்ளி என்றால் பிரச்சினை இல்லை. இருட்டிய பிறகு வாசலைக் கம்பிவலையால் அடைத்து எடுத்துப் போ.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1991, 92-இல் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் வைரஸ் வந்தபோது எனக்கு இருபது வயது. அப்பாவிடம் அறுபது பெட்டி. மூடாத அறைகளில் புழுக்கள் மல்லாந்து, தலை மட்டும் படகு மூக்கு மாதிரி மேலே தூக்கிக் கிடந்தன. ஊசியால் எடுத்தால் தண்ணீர் நிரம்பிய பை போல முழுசாக வெளியே வந்தது. ஒரு வருடத்தில் நாலு பெட்டி மிஞ்சியது. பக்கத்து ஊர்களிலும் இதே கதை. அந்த நாலில் இருந்துதான் மறுபடி பெருக்கினோம். நோய்க்கு மருந்து இல்லை, முதல் பத்துப் புழுவிலேயே கண்டுபிடித்து அந்தப் பெட்டியைத் தள்ளி வைப்பதும், தாங்கி நின்ற கூட்டிலிருந்து மட்டுமே பிரிப்பதும்தான் வழி. நல்ல புழு எப்படி இருக்கும் என்று ஆயிரம் தடவை பார்த்த கண்ணுக்குத்தான் கெட்ட புழு முதல் நாளே தெரியும். ஒருநாள் வகுப்பில் அந்தக் கண் வராது.

---

பேச்சிப்பாறைக்காரி | நவம்பர் 11

பழையசட்டம் அண்ணன் சொன்ன "பண்ணையிலேயே வை" என்பதைத்தான் நாங்களும் செய்தோம். சுய உதவிக் குழுவில் இருந்து ஏழு பெண்கள் ஒன்றாகப் பழகினோம்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சில விஷயம். சேலையில் போகாதீர்கள், மடிப்புக்குள் தேனீ மாட்டிக்கொண்டால் அது கொட்டாமல் விடாது. பேன்ட் போட்டுக் கால் நுனியை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். தலையில் மல்லிகைப்பூ, வாசனை எண்ணெய் வேண்டாம். முகவலை எப்போதும் போட்டே ஆக வேண்டும், பத்து வருடம் பழகினவர்களும் போட வேண்டும் என்பது என் கருத்து. கண்ணில் கொட்டினால் பார்வைக்கே ஆபத்து.

கையுறை பற்றிப் பெரிய சர்ச்சை எங்கள் குழுவிலேயே நடந்தது. முதல் மாதம் தடித்த தோல் கையுறை போட்டிருந்தேன். விரல் எதை அழுத்துகிறது என்றே தெரியவில்லை. சட்டத்தின் காதை, அதாவது மேல்கட்டையின் நுனியைப் பிடிக்கும்போது மூன்று தேனீக்களை நசுக்கியிருக்கிறேன், வாழைப்பழ வாசனை மாதிரி ஒன்று அடித்தது. அடுத்த நிமிடம் கையுறையைச் சுற்றி முப்பது தேனீ. கொட்டும்போதும் நசுங்கும்போதும் தேனீ விடுகிற எச்சரிக்கை வாசனை அது என்று பிறகு சொன்னார்கள். பயிற்சிக்கு வரும் அன்று வாழைப்பழம் சாப்பிடாதே என்று சொன்னதற்கும் அதுதான் காரணம். வெறுங்கைக்கு மாறிய பிறகு கை தானாக மெதுவாகிவிட்டது. தேனீ விரலடியில் கூசும், உடனே நிறுத்திவிடுவேன். கொட்டினால் நகத்தால் சட்டென்று வழித்துவிட வேண்டும், கொடுக்கோடு விஷப்பையும் ஒட்டிக்கொண்டு துடிக்கும், தாமதிக்கத் தாமதிக்க உள்ளே ஏறும். அதே இடத்தில் கொஞ்சம் புகை காட்டினால் வாசனை மறையும்.

எங்கள் ஏழு பேரில் ஒருத்திக்கு மட்டும் இரண்டாவது தடவை கொட்டியபோது உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுத்தது. பண்ணையில் ஜீப் இருந்தது, பதினைந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி, ஊசி போட்டதும் சரியானாள். அவள் இப்போது பெட்டி திறப்பதில்லை, தேனை வடிகட்டிப் பாட்டிலில் அடைப்பது அவள் பொறுப்பு. தனியாக வீட்டில் ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது. உங்கள் உடம்பு தேனீக் கொட்டை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது பக்கத்தில் ஆள் இருக்கும்போதே தெரிந்துவிடுவது நல்லது.

---

வெயில்நிழல் | நவம்பர் 13

நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஒரு சந்தேகம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுப்பதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் நாம் வாங்குவது சர்க்கரைத் தேன்தானா?

---

பழையசட்டம் | நவம்பர் 13

நல்ல கேள்விதான், தப்பாக எடுக்க ஒன்றுமில்லை.

ஆனி முதல் புரட்டாசி வரை இங்கே மழை. பூ இருந்தாலும் தேனீ வெளியே போக முடியாது. முன்பு எடுத்த தேனெல்லாம் அது தனக்கென்று சேர்த்தது, நாம் எடுத்துவிட்டோம். அந்த மாதங்களில் சர்க்கரையும் தண்ணீரும் சரிக்குச் சரி கரைத்து, சாயங்காலத்தில், பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கிறோம். வெளியே சிந்தினால் பக்கத்துக் கூடுகள் கொள்ளையடிக்க வந்துவிடும். பூ வரத்து ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலே தேன் அறை, அதாவது நாம் தேன் எடுக்கும் மேல் அடுக்கு, வைத்த பிறகு ஒரு சொட்டுப் பாகு கொடுத்தாலும் அது கலப்படம்தான், அப்படிச் செய்பவரை நான் தேனீ வளர்ப்பவர் என்று சொல்ல மாட்டேன்.

---

குழித்துறைக்கரை | டிசம்பர் 1

பழையசட்டம் அண்ணனின் கேள்விகளை ஆசானிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். "எழுதினவர் பழைய ஆள்" என்றார். மூன்றுக்கு எனக்குப் பதில் தெரிந்தது. ஆண் அறையின் மூடியில் துளையைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கே காட்டினார். எட்டு முறை பார்த்த அடையில் அது இருந்திருக்கிறது, என் கண்ணுக்குப் படவில்லை.

போன ஞாயிறு கூடு பிரித்தோம். ஏழு சட்டமும் நிறைந்த பெட்டி, கீழ் விளிம்பில் மூன்று ராணி அறைகள். பழைய ராணி இருந்த சட்டத்தோடு மொத்தம் மூன்று சட்டத்தைப் புதுப் பெட்டிக்கு மாற்றினோம். ராணி அறை உள்ள அடை தாய்க்கூட்டிலேயே. பிறகு பழைய பெட்டி நின்ற இடத்தை நடுவாக வைத்து இரண்டையும் ஆளுக்கு ஓரடி இடமும் வலமுமாகத் தள்ளி வைத்தோம். வெளியே போய்த் திரும்புகிறவை குழம்பி, இரண்டுக்கும் பாதிப்பாதியாகப் போய்விடும்.

அதில் ஒரு தவறு செய்தேன். தேனீக்களை உதற வேண்டும் என்று ராணி அறை இருந்த சட்டத்தையே பழக்கதோஷத்தில் ஓர் உதறு உதறிவிட்டேன். ஆசான் கத்தவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார், அவ்வளவுதான். உள்ளே தலைகீழாகத் தொங்கும் ராணிக் கூட்டுப்புழு அதிர்ச்சியில் ஊனமாகிவிடலாமாம். அந்தச் சட்டத்தில் தேனீயை இறகாலோ புல்லாலோ ஒதுக்க வேண்டும். இரண்டு ராணி அறைகள் வேறு அடையில் இருந்ததால் கூட்டுக்கு ஆபத்தில்லை. என் சொந்தப் பெட்டியில் ஒரே ஒரு அறை இருந்து நான் அதை உதறியிருந்தால்? இரவெல்லாம் அதையே நினைத்தேன்.

அந்தத் தாய்க்கூட்டையும் பிரித்த கூட்டையும் நானே வாங்கிக்கொண்டேன். இரண்டும் பண்ணையிலேயே இருக்கின்றன. புது ராணி வெளிவந்து, பறந்து ஆண்களோடு சேர்ந்து, முட்டையிட ஆரம்பிக்கும்வரை பதினைந்து நாள் தாய்க்கூட்டுப் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. வாசலில் போய் உட்கார்ந்து மகரந்தம் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

---

மேற்குமலை | டிசம்பர் 2

பதினைந்து நாள் திறக்காமல் இருப்பதுதான் எல்லாப் பாடத்திலும் கடினமானது. நான் அதில்தான் தோற்றேன். உங்களுக்கு ராணி நல்லபடியாகச் சேரட்டும். தை மாதத்திலிருந்து நானும் அந்த மாதிரி ஒரு பண்ணைக்குப் போகப் பேசிவைத்திருக்கிறேன், எங்கள் பக்கம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் தடவை ஒரே ஒரு சட்டத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

---

தென்னந்தோப்பு | டிசம்பர் 2

மேற்குமலை, வாருங்கள். நீங்கள் சொன்ன புல் வழியாக எறும்பு ஏறிய கதையைப் படித்துவிட்டு அன்று மாலையே என் பதினான்கு பெட்டிக்கும் சுற்றிப் புல் செதுக்கினேன். இரண்டு இடத்தில் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

---

குழித்துறைக்கரை | மார்ச் 16

நாலு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ராணி சேர்ந்துவிட்டது. பதினேழாம் நாள் மஞ்சள் உருண்டைகள் வாசலில் வரிசையாக உள்ளே போயின. ஆசானைக் கூப்பிட்டுக் காட்டினேன், "சரி, திற" என்றார். குத்திட்ட முட்டைகள், அறைக்கு ஒன்று.

ஜனவரி கடைசியில் ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்துத் துளிர்த்தது. இத்தனை வருடம் ரப்பர் காட்டுக்குள் நடந்தும் நான் பார்க்காதது: தேனீ ரப்பர் பூவுக்குப் போகவில்லை, இளம் இலைக்குப் போகிறது! ஒரு காம்பில் மூன்று இலை பிரியும் கணுவில் சிறு மொட்டுப் போன்ற சுரப்பிகள். செம்பு நிறத் துளிர் வெளிர்பச்சைக்கு மாறும் சமயத்தில் அதில் துளி துளியாகத் தேன் கசிகிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், தித்திப்பு. மேலே தேன் அறை வைத்த பத்தே நாளில் சட்டங்கள் கனத்துவிட்டன.

எடுக்கலாமா என்று நான் கேட்டபோது ஆசான் இந்தச் சோதனைக்கு மட்டும் சட்டத்தைக் கிடையாகப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கச் சொன்னார். மூடாத அறையிலிருந்து இரண்டு சொட்டுத் தெறித்தது. "இன்னும் தண்ணீர் இருக்கிறது, ஒரு வாரம் விடு" என்றார். தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் புளித்துவிடும். அடுத்த வாரம் முக்கால்வாசி மெழுகு மூடிவிட்டது. மூடியைச் சுடுநீரில் நனைத்த கத்தியால் மேலோட்டமாகச் சீவி, பிழியும் இயந்திரத்தில் வைத்துக் கையால் சுற்றினேன். டிரம்மின் சுவரில் தேன் தூறல் விழும் சத்தம், மழை ஆரம்பிக்கும்போது ஓலைக்கூரையில் கேட்பது போலவே இருந்தது. இரண்டு பெட்டியிலும் இதுவரை மொத்தம் ஒன்பது கிலோ. கீழே புழு வளரும் அடுக்கில் ஒரு சட்டத்தையும் தொடவில்லை, அது அவற்றுக்கு.

என் நண்பரின் ஐந்தில் இரண்டு இருக்கிறது. அவரைப் போன ஞாயிறு பண்ணைக்குக் கூட்டிப்போனேன். நான் எதுவும் சொல்லவில்லை, ஆசான் அவருக்கும் ஒரு பெட்டியைக் காட்டிப் பக்கவாட்டில் உட்காரச் சொன்னார்.

ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது, பழையசட்டம் அண்ணன் பார்த்தால் சொல்லவும். பெட்டிகளைச் சித்திரைக்கு முன் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றிருக்கிறேன். தூரம் ஏழு கிலோமீட்டர். வீட்டின் கிழக்கே முருங்கையும் நாலு தென்னையும், மேற்கே பாதை. வாசலைக் கிழக்குப் பார்த்து வைக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் மின்கம்பியில் தேனீ தின்னும் பறவையான பஞ்சுருட்டான் ஐந்தாறு தினமும் உட்கார்கிறது. இடத்தை மாற்றட்டுமா?

---

பழையசட்டம் | மார்ச் 16

பஞ்சுருட்டான் நாலு தேனீயைத் தின்னும், பலமான கூட்டை அது ஒன்றும் செய்யாது. புது ராணி பறக்கும் நாட்களில் மட்டும் கவலைப்படு, உனக்கு இப்போது அது இல்லை. வாசலுக்கு எதிரே ஏழெட்டு அடி தள்ளி ஒரு முருங்கைக் கிளை தாழ்ந்து இருந்தால் தேனீ இலைக்குள் புகுந்து வெளியேறும், பறவைக்குக் குறி கிடைக்காது. கிழக்கே வை.

எடுத்துப்போகும் அன்று இரவு எனக்குத் தனிச்செய்தி போடு. உன் வீடு என் வழியில்தான், இறக்கிவைக்க ஒரு கை கூட வேண்டும்.